கடலோர வீட்டில் கீரை எதில் தாங்கும்? வடிதட்டு டப்பா, ஈரப்பை, மண்பானை, ஓலைப்பெட்டி

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஃபிரிட்ஜ் இருக்கிற வீட்டுக்கு, அடியில் வடிதட்டு வைத்த 4 அல்லது 5 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், பழைய வேட்டியில் கிழித்த இரண்டு துண்டும் போதும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு மண்பானைக் குளிர்ப்பெட்டி அருமை என்று எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் இந்த ராமநாதபுரம் மாவட்டக் கரையில் அது பாதி வேலைதான் செய்யும். மற்றவை எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில், கீரையைப் பொறுத்து.

எதை வைத்து மதிப்பிடுகிறோம் என்பது முக்கியம். கீரை இரண்டு வழியில் கெடுகிறது. ஒன்று வாடல். பறித்த பிறகும் இலை நீரை விட்டுக்கொண்டே இருக்கும். பாலக் மாதிரி மெல்லிய இலை தன் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு நீரை இழந்தாலே தொங்கிவிடும். இன்னொன்று அழுகல். இலைமேல் நிற்கும் தண்ணீரில் பாக்டீரியா பெருகி, நசுங்கிய இடத்தின் வழியே உள்ளே இறங்கிக் கொழகொழவென்று ஆக்கிவிடும். வறண்ட உள்நாட்டில் வாடல்தான் பெரிய தொல்லை. கடற்கரையில் அழுகல். இங்குள்ள காற்றில் ஈரம் அவ்வளவு இருப்பதால், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளை வெளியே வைத்தாலும் வியர்த்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து டப்பாவை எடுத்துச் சமையல் மேடையில் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாகக் கீரை ஆய்ந்தால், எடுக்காமல் விட்ட கீரை முழுக்க நீர் கோத்துவிடும். அப்படியே மூடி உள்ளே தள்ளினால் இரண்டாம் நாள் நாற்றம்தான். ஆகவே நல்ல பாத்திரத்துக்கு இலக்கணம்: உள்ளே காற்று ஈரமாக இருக்கணும், இலை உலர்ந்திருக்கணும். கேட்க முரணாக இருக்கும், ஆனால் சாத்தியம்தான்.

வடிதட்டு டப்பா

பாத்திரக் கடைகளிலும் இணையத்திலும் 200 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 1000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. விலை ஏறுவது பெரும்பாலும் மூடியின் வேலைப்பாட்டுக்குத்தான். வாங்கும்போது பார்க்க வேண்டியது அடித்தட்டை. தட்டுக்கும் டப்பாவின் அடிக்கும் நடுவே ஒரு விரல் உயரமாவது இடைவெளி வேண்டும். பல மலிவு டப்பாக்களில் தட்டு அடியோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். நாலு சொட்டு நீர் சேர்ந்தாலே தட்டுக்கு மேல் வந்து காம்பைத் தொடும். துளைகள் பென்சில் நுழையும் அளவில் இருந்தால் நீர் இறங்கும். சின்ன ஊசித்துளைகளில் நீர் இறங்காமல் படலமாக நின்றுவிடும்.

அடுத்தது அளவு. ஒரு கட்டு அரைக்கீரையை அமுக்காமல் வைத்தால் டப்பாவில் மூன்றில் இரண்டு பங்கு நிறைய வேண்டும். மீதி ஒரு பங்கு காலி இடம் தேவை. அடைத்துத் திணித்தால் நடுவில் உள்ள இலை மூச்சுவிட்டுச் சூடேறி முதலில் பழுக்கும். மேல் இலை பச்சையாக இருக்கும்போதே அடியில் கொழகொழப்பு வருவதற்குக் காரணம் இதுதான். 10 லிட்டர் டப்பா லாபம் என்று வாங்காதீர்கள். அதில் இரண்டு மூன்று கீரையைக் கலந்து போடத் தோன்றும், ஒன்று கெட்டால் எல்லாம் போகும். ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டிலும் அடங்காது.

மூடியில் காற்றுத் திறப்பு வைத்த டப்பாக்களில், கீரைக்கு அதை முக்கால்வாசி மூடி வைக்க வேண்டும். முழுக்க மூடினால் மூச்சு அடைத்துப் புளித்த வாடை வரும். முழுக்கத் திறந்தால், குறிப்பாகக் காற்றாடி வைத்த இரட்டைக் கதவு ஃபிரிட்ஜில், இரண்டே நாளில் வாடும். அந்த ஃபிரிட்ஜ்கள் உறைபனி சேராமல் இருக்கக் காற்றை வீசிக்கொண்டே இருப்பவை, அதனால் உலர்த்தும். ஒற்றைக் கதவு பழைய மாடல் கீரைக்கு இதைவிட நல்லது. பெருமைக்கு வாங்கிய பெரிய ஃபிரிட்ஜில் கீரை சீக்கிரம் வாடுகிறதே என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் விடை.

சில டப்பாக்களில் மூடிக்குள் கரித்தூள் வில்லை வைத்து, எத்திலீன் வாயுவை உறிஞ்சும் என்று விற்கிறார்கள். எத்திலீன் பழுக்க வைக்கும் வாயு. கீரையை மஞ்சளாக்குவது உண்மைதான். ஆனால் வெறும் கரி அதைப் பிடிக்கும் திறன் குறைவு. பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஏற்றிய வில்லை வேலை செய்யும், ஊதா நிறம் பழுப்பாக மாறியதும் தீர்ந்தது என்று பொருள். இரண்டுக்கும் காசு செலவழிக்க வேண்டாம். வாழைப்பழம், தக்காளி, கொய்யா, பப்பாளி, மாம்பழம் இவற்றைக் கீரை இருக்கும் தட்டில் வைக்காமல் இருந்தாலே போதும்.

கடற்கரைக்கென்று ஒரு குறை: உலோகக் கொக்கி வைத்த டப்பாக்கள். உப்புக் காற்றில் சில மாதத்திலேயே கொக்கியில் துரு ஏறி, மூடும்போது துகள் உள்ளே விழும். கொக்கியும் பிளாஸ்டிக்காகவே இருப்பதை எடுங்கள். மூடியின் ரப்பர் வளையம் கழற்றிக் கழுவ முடிகிறதா என்றும் பாருங்கள். கழற்ற முடியாத வளையத்துக்குள் கறுப்புப் பூஞ்சை வந்துவிட்டால் டப்பாவையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

டப்பாவைவிடப் பெரியது அதற்குள் போகும் முன் நடக்கும் வேலை. கீரைக்காரர் காலையிலிருந்து கட்டின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். பல இடங்களில் அது உவர்த் தண்ணீராகவும் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் வாழைநாரை அவிழ்த்து, கட்டை உதறி, பருத்தித் துண்டில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே அரைமணி நேரம் விடுங்கள். தொட்டால் ஈரம் தெரியக்கூடாது, இலை தொங்கவும் கூடாது. இதே நேரத்தில் வெயில் சூடும் இறங்கும். சூட்டோடு மூடினால் உள்ளேயே வியர்க்கும். மஞ்சள் இலை, நசுங்கிய காம்பு, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். வேரோடு வரும் சிறுகீரை, முளைக்கீரையில் மண் நிறைய இருந்தால் வேரை வெட்டிவிடலாம். மண் குறைவு என்றால் வேரை மட்டும் அலசித் துடைத்து அப்படியே வைத்தால் ஒரு நாள் கூடுதலாகத் தாங்கும்.

வாங்கும்போதே வாடியிருந்தால், காம்பின் நுனியைக் கால் அங்குலம் நறுக்கி, நல்ல தண்ணீரில் காம்பு மட்டும் முங்கும்படி கால்மணி நேரம் நிறுத்துங்கள். நிமிர்ந்துவிடும். இதற்குக் கிணற்று உப்புத் தண்ணீர் ஆகாது, உப்பு இருந்தால் காம்பில் நீர் ஏறாது. காவிரிக் குடிநீர்தான் வேண்டும், ஒரு சொம்பு போதும்.

கழுவி வைப்பதா, கழுவாமல் வைப்பதா என்ற சண்டைக்கு இந்தக் கரையில் ஒரே பதில்: கழுவாமல். ஆய்ந்து, சமைக்கும் முன் மூன்று தண்ணீரில் அலசினால் மணல் போய்விடும். கழுவித்தான் வைப்பேன் என்றால், சுழற்றி நீர் வடிக்கும் கூடை வாங்க வேண்டும். பாலக்குக்கும் கொத்தமல்லிக்கும் அது நன்றாக வேலை செய்கிறது; முருங்கைக்கீரையைப் போட்டால் இலை உதிர்ந்து சல்லடையில் ஒட்டிக்கொள்ளும். அதற்காக மட்டும் அலமாரியில் அவ்வளவு பெரிய பொருளை வைத்துக்கொள்வது தேவையா என்பது அவரவர் வீட்டு இடத்தைப் பொறுத்தது.

இனி துணி. வடிதட்டின் மேல் ஒரு துண்டு, கீரைக்கு மேல் மூடிக்குக் கீழே ஒரு துண்டு. மேல் துண்டுதான் முக்கியம். மூடியில் சேரும் நீர் இலைமேல் சொட்டாமல் அது வாங்கிக்கொள்ளும். புதுக் கோராத் துணி இதற்கு ஆகாது. அதில் உள்ள பசையும் மெழுகும் போகும்வரை தண்ணீரை உறிஞ்சாது. பலமுறை துவைத்த வேட்டியோ கைத்தறித் துண்டோ சிறப்பு. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஈரத் துண்டை மாற்றிக் காய்ந்ததை வையுங்கள். டிஷ்யூ பேப்பர் ஒரு நாளில் கூழாகிவிடும். செய்தித்தாள் நன்றாக உறிஞ்சுகிறது, ஆனால் அதில் உணவைப் பொதியவேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே சொல்லியிருக்கிறது. மை இலையில் ஒட்டும்.

இவ்வளவும் செய்தால் அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை 4 முதல் 6 நாள், பாலக் ஒரு வாரம் வரை, கொத்தமல்லி 10 நாளுக்கு மேல். ஃபிரிட்ஜ் 3, 4 டிகிரியில் இருக்க வேண்டும். டப்பா பின்சுவரைத் தொடக்கூடாது, உறைபெட்டிக்கு நேர் கீழே உள்ள தட்டிலும் வைக்கக்கூடாது. அங்கே இலை உறைந்து, வெளியே எடுத்ததும் கண்ணாடி மாதிரி ஆகிக் கறுத்துவிடும்.

மீன் இருக்கும் ஃபிரிட்ஜ்

இந்தக் கரையில் பாதி வீடுகளில் கீரைக்கு மேல்தட்டில் மீன் இருக்கும். காய்கறித் தட்டு அடியில் இருப்பதால் மீன் தண்ணீர் சொட்டினால் நேராகக் கீரையில்தான் விழும். வாடை மட்டும் பிரச்சினை இல்லை, நோய்க் கிருமியும் வரும். மீனை மூடி போட்ட டப்பாவில் வைப்பது கீரை டப்பா வாங்குவதைவிட அவசரம். பழைய மீன் தெர்மாகோல் பெட்டியைக் கீரைக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். கூடாது. தெர்மாகோலின் நுண்துளைகளில் ஊறிய மீன் நீர் எத்தனை முறை கழுவினாலும் போகாது. புதுப் பெட்டி என்றால் மின்தடை நாட்களுக்குச் சரியான கருவி: உறையவைத்த தண்ணீர்ப் புட்டி ஒன்றைத் துண்டில் சுற்றி ஓரத்தில் நிறுத்தி, கீரை டப்பாவை மறு ஓரத்தில் வைத்து மூடினால் ஒரு பகல் தாக்குப்பிடிக்கும். ஐஸ் கட்டியை இலைமேல் நேரடியாகக் கொட்டக்கூடாது.

பைகள், எவர்சில்வர்

மஞ்சப்பையை நனைத்துப் பிழிந்து, அதற்குள் கீரையை வைத்து ஃபிரிட்ஜில் போடுவது செலவில்லாத வழி. 2019 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை வந்தபிறகு பருத்திப் பை எல்லா வீட்டிலும் உண்டு. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் மூன்று நாள் நன்றாக நிற்கும். பிழிவதில்தான் சூட்சுமம். முறுக்கினால் ஒரு சொட்டும் விழாத அளவுக்குப் பிழிய வேண்டும், பாதி ஈரம் விட்டால் அழுகும். வாரம் ஒருமுறை கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைக்காவிட்டால் கரும்புள்ளி விழுந்துவிடும். கடைகளில் காய்கறிக்கென்றே விற்கும் வலைப்பை வெங்காயத்துக்கு நல்லது, கீரைக்கு வீண்.

ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை கறிவேப்பிலைக்கு மிகப் பொருத்தம். உருவி, ஈரமில்லாமல், ஒரு சின்னத் துணித்துண்டோடு போட்டால் இரண்டு வாரத்துக்கு மேல் வரும். மற்ற கீரைக்கு ஒரு மூலையைத் திறந்து வைக்க வேண்டும் அல்லது ஆறேழு ஊசித் துளை போட வேண்டும்.

எவர்சில்வர் தூக்கு, சம்படம் வைத்திருப்பவர்கள் புது டப்பா வாங்க வேண்டியதில்லை. உலோக மூடி சீக்கிரம் குளிர்ந்து அதில்தான் அதிகம் நீர் கோக்கும். மேல் துண்டு போட்டால் அந்தக் குறை தீர்ந்தது. அடியில் இட்லித் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் அதுவே வடிதட்டு. 202 ரக எஃகு உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும், 304 தாங்கும்.

மண்பானைக் குளிர்ப்பெட்டி

பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரச் சாக்கு. மானாமதுரைப் பானைகள் இதற்குத் தோதானவை, மெருகு பூசாத மண் நன்றாகக் கசியும். இரண்டு பானைக்கும் நடுவே மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் உள்ளே குளிர்கிறது.

சிக்கல் காற்றில் இருக்கிறது. கடலோரத்தில் 34 டிகிரி வெயில், ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி அன்று 29 டிகிரிக்குக் கீழே இறங்காது; எந்தப் பானையும் அதற்குக் கீழே போக முடியாது, நடைமுறையில் 30, 31-ல் நின்றுவிடும். அதே பானையை உள்நாட்டில், கமுதிப் பக்கம் 36 டிகிரி, 40 சதவீதம் உள்ள ஒரு பிற்பகலில் வைத்தால் 26, 27 வரை இறங்க வழியுண்டு. பானையில் குறையில்லை, இடம்தான் வேறு. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில், நிலத்திலிருந்து வறண்ட காற்று வரும் பிற்பகல்களில், கரையிலும் ஓரளவு குளிரும். வாடைக் காலத்தில் அது ஈர மணல் நிரப்பிய சாதாப் பானைதான்.

உள்ளே ஈரப்பதம் ஏறுவதால் கீரை வாடாது என்பது உண்மை. ஆனால் 30 டிகிரியில் ஈரமும் சேர்ந்தால் அழுகல் வேகமாகும். மாலையில் வாங்கிய கீரையை மறுநாள் காலை வரை வைக்கப் பானை சரி. மூன்று நாளுக்கு என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம். வெண்டைக்காய், கத்தரிக்காய்க்கு இது கீரையைவிட நன்றாக உதவும்.

அப்படியும் வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். மணல் கடற்கரையில் அள்ளியது ஆகாது. ஆற்று மணலை நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். ஊற்றும் தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் வெளிச்சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும், துளை அடைபடும், கசிவு நிற்கும், குளிர்ச்சியும் நிற்கும். ஆரம்பத்தில் தேங்காய் நாரால் தேய்த்து ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்தால் மீளும். கெட்டியாகப் படிந்துவிட்டால் பூந்தொட்டிக்குத்தான். குடக்கணக்கில் தண்ணீர் வாங்கும் வீட்டில், தினம் ஒன்றிரண்டு லிட்டர் பானைக்கு ஊற்றுவது செலவுக் கணக்கில் வரும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வைக்கும் இடம் காற்றோடும் நிழல் திண்ணை, முக்காலிமேல். மூடிய சமையலறை மூலையில் வைத்தால் ஒன்றும் நடக்காது.

ஓலைப்பெட்டி

பனையோலைப் பெட்டியைக் குளிர்பெட்டி என்று யாரும் விற்பதில்லை, அதனாலேயே அதன்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. சந்தையிலிருந்து வீடு வரும்வரை கீரையை நசுக்காமல் காற்றோட்டமாகக் கொண்டுவர இதற்கு ஈடு கிடையாது. ராமேஸ்வரம் தீவுக்குள் வரும் காய்கறியில் பெரும்பங்கு பாம்பன் பாலம் தாண்டி வருவது; பேருந்தில் மடியில் வைத்த பையில் அமுங்கி வரும் கட்டுக்கும் பெட்டியில் வரும் கட்டுக்கும் மறுநாள் வித்தியாசம் தெரியும். அடியில் வாழையிலை விரித்து ஈரத்துணி மூடினால் ஒரு ராத்திரி தாங்கும். மழைக்காலத்தில் ஓலையே பூஞ்சை பிடிக்கும், அடுப்பு மேல்பரணில் காயவைக்க வேண்டும்.

கீரைக்குக் கீரை

முருங்கைக்கீரையைத் துணியில் இறுகச் சுற்றி ராத்திரி வைத்தால் காலையில் இலை தானாக உதிரும், உருவும் வேலை மிச்சம் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த வழக்கம். சூடும் எத்திலீனும் உள்ளே சேர்வதால்தான் இலை காம்பை விடுகிறது. அதே காரணத்தால் இன்னொரு பகலும் சுற்றியே வைத்தால் மஞ்சளாகிவிடும். உதிர்ந்ததும் எடுத்து டப்பாவுக்கு மாற்றுங்கள், இரண்டு மூன்று நாள் வரும். அகத்திக்கீரையை எந்த டப்பாவும் காப்பாற்றாது, அன்றைக்கே சமைத்துவிடுவது நல்லது.

நோன்பு மாதத்தில் கஞ்சிக்குத் தினமும் புதினாவும் மல்லியும் வேண்டியிருப்பதால் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் மொத்தமாக வாங்கி வைப்பார்கள். இரண்டையும் ஒரே டப்பாவில் போடக்கூடாது. புதினா நசுங்கினால் உடனே கறுக்கும். காம்பு நனையும் அளவு தண்ணீர் உள்ள டம்ளரில் நிறுத்தி, மேலே பையைத் தளர்வாகக் கவிழ்த்துக் கதவுத் தட்டில் வைப்பது டப்பாவைவிட மேல். தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். மல்லிக்கு வடிதட்டு டப்பா, வேரோடு.

உப்பளத்து ஓரங்களில் முளைக்கும் உமரிக்கீரை சதைப்பற்றுள்ளது, வாடுவது மெதுவாக நடக்கும். கழுவாமல் காற்றாடப் பையில் வைத்தாலே போதும். கழுவினால் உடைந்த இடத்தில் நீர்விடும்.

வெற்றிலையை ஃபிரிட்ஜில் வைக்கவே வேண்டாம். கடுங்குளிர் பட்டால் கறுப்புத் திட்டு விழும். வாழைப்பட்டையில் அடுக்கி, பிழிந்த ஈரத்துணி சுற்றி, ஓலைப்பெட்டியில் நிழலான இடத்தில் வைத்து, தினமும் ஒருமுறை பிரித்து அழுகியதை எடுத்துவிட்டு மறுபடி அடுக்கினால் ஒரு வாரம் ஓடும்.